பயிற்சியில் விழும் கோல் ஆட்டத்தில் ஏன் விழுவதில்லை?

மாணவர்களே, இந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். மாலையில் பள்ளித் திடலில் பயிற்சி. பந்தை ஒரே இடத்தில் வைத்து, ஒரே மூலையைப் பார்த்து இருபது முறை உதைக்கிறீர்கள். கடைசிப் பத்து உதைகளில் எட்டு உள்ளே போய்விடுகின்றன. சனிக்கிழமை ஆட்டத்தில் அதே இடத்தில் பந்து கிடைக்கிறது. உதைக்கிறீர்கள். பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து வேலிக்கு அப்பால் விழுகிறது.

"பதற்றம்தான் காரணம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். பதற்றமும் ஒரு காரணம்தான். ஆனால், நாம் பயிற்சி செய்யும் முறையிலேயே ஒரு குறை இருக்கலாம். அறிவியல் உதவியுடன் அதைக் கண்டுபிடிப்போமா?

முதலில் கால் செய்யும் வேலை

பந்தை உதைக்காத காலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அந்தக் காலைப் பந்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி ஊன்றுங்கள். அதன் விரல்கள் இலக்கைப் பார்த்திருக்கட்டும். ஊன்றிய கால் பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டால் உடல் பின்பக்கம் சாயும். அப்போது உதைக்கும் கால் பந்தின் அடிப்பகுதியில் படும். பந்து மேலே கிளம்பிவிடும். வேலிக்கு அப்பால் விழும் பல உதைகளின் கதை இதுதான்.

அடுத்து, கணுக்கால். உதைக்கும்போது அதை விறைப்பாக வைத்திருங்கள். கணுக்கால் தொளதொளவென்று இருந்தால், பந்துக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி பாதத்தை மடக்குவதிலேயே வீணாகிவிடும்.

பந்தின் நடுப்பகுதியில் உதைத்தால் அது நேராகச் செல்லும். ஓரத்தில் உதைத்தால் சுழன்றுகொண்டே செல்லும். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. அதனால் பந்து வளைகிறது. இதற்கு மெக்னஸ் விளைவு என்று பெயர்.

2016 பிப்ரவரியில், பகாங்கிற்கு எதிரான மலேசிய சூப்பர் லீக் ஆட்டத்தில் பினாங்கு வீரர் முகமட் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக்கைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். பந்து காற்றிலேயே திசை மாறி கோல் காவலரை ஏமாற்றியது. அந்தக் கோலுக்கு ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு முதல் நாளே வளைத்து உதைக்க முயல வேண்டாம். நேராக உதைப்பது கைவந்த பிறகே வளைவு.

வேகமா, குறியா?

பினால்டி புள்ளிக்கும் கோலுக்கும் இடையே 11 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பந்து அந்தத் தூரத்தை ஏறக்குறைய 0.44 விநாடியில் கடக்கும். 72 கிலோமீட்டர் வேகம் என்றால் 0.55 விநாடி. வித்தியாசம் 0.11 விநாடிதான். கோலின் அகலமோ 7.32 மீட்டர். நடுவில் நிற்கும் காவலர் அந்த அரை விநாடிக்குள் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, மூலை வரை பாய வேண்டும். ஆகவே, மூலையைக் குறிவைத்த மிதமான உதை, அவர் கைக்கு நேராகப் போகும் பலமான உதையைவிட ஆபத்தானது.

தூரமும் முக்கியம். உங்கள் உதை ஒரே ஒரு பாகை பிசகினால், 11 மீட்டரில் பந்து சுமார் 19 சென்டிமீட்டர் விலகும். 20 மீட்டரில் 35 சென்டிமீட்டர் விலகும். அதனால் அருகிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லத் தள்ளிப் போங்கள்.

ஒரு பழைய சோதனை

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 1979-இல் ஜோன் ஷே, ரோபின் மோர்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். மாணவர்கள் மூன்று வகைக் கை அசைவுகளை வேகமாகச் செய்யக் கற்க வேண்டும். ஒரு குழு முதல் அசைவை முழுவதும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து பழகியது.

பயிற்சியின்போது முதல் குழுவே வேகமாகச் செய்தது. ஆனால் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது, கற்றதை நன்றாக நினைவில் வைத்திருந்தது கலந்து பழகிய குழு.

ஏன்? ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைக்கும்போது, மூளை சற்றுமுன் போட்ட திட்டத்தையே மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. புதிதாக யோசிக்க வேலை இல்லை. ஒவ்வொரு முறையும் உதை மாறும்போது, மூளை ஒவ்வொரு முறையும் திட்டத்தைப் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்திலும் இதுதானே நடக்கிறது? அங்கே ஒரே உதை இருபது முறை வருவதில்லை.

திடலில் செய்து பாருங்கள்

உடலைச் சூடாக்கிய பிறகு இந்த நான்கு பயிற்சிகளையும் வரிசையாகச் செய்யுங்கள்.

1. அசையாத பந்து: 10 மீட்டர் தூரத்திலிருந்து ஒவ்வொரு காலாலும் பத்து உதைகள். ஊன்றும் காலையும் கணுக்காலையும் மட்டும் கவனியுங்கள். புதிதாகக் கற்பவர்கள் சில நாள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடிப்படை பிடிபடும் வரை ஒரே உதையைப் பழகுவதில் தவறில்லை.

2. மூலை: கோலின் இரு கம்பங்களிலிருந்தும் ஒரு மீட்டர் உள்ளே ஒரு கூம்பு வையுங்கள். கூம்புக்கும் கம்பத்துக்கும் இடையே, தரையோடு ஒட்டி உதையுங்கள்.

3. உருளும் பந்து: நண்பர் இடமிருந்தும், வலமிருந்தும், உங்களுக்குப் பின்னாலிருந்தும் பந்தைத் தள்ளிவிடட்டும். நிறுத்தாமல் ஒரே தொடுதலில் உதையுங்கள்.

4. எண் விளையாட்டு: கோலின் நான்கு மூலைகளுக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுங்கள். நீங்கள் பந்தை நோக்கி ஓடத் தொடங்கும்போது நண்பர் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த மூலைக்குத்தான் உதைக்க வேண்டும். ஒவ்வோர் உதைக்கும் இடத்தையும் மாற்றுங்கள்.

நான்காவது பயிற்சியில் முதலில் நிறையத் தவறும். "நேற்று நன்றாகத்தானே உதைத்தேன்!" என்று எரிச்சல் வரும். அங்கேதான் பலரும் பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். அந்தச் சிரமமே மூளை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். உங்கள் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பிரிவு இரண்டு வாரம் ஒரே உதையாகப் பழகட்டும். மறு பிரிவு கலந்து பழகட்டும். பந்து, தூரம், மொத்த உதைகளின் எண்ணிக்கை ஆகியவை இரு பிரிவுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பிறகு ஒரு வாரம் ஓய்வு. ஓய்வுக்குப் பின் ஒவ்வொருவரும் எண் விளையாட்டில் பத்து உதை உதைக்கட்டும். எத்தனை குறி தவறாமல் விழுந்தன என்று குறிப்பேட்டில் எழுதி, இரு பிரிவின் சராசரியையும் ஒப்பிடுங்கள்.

பயிற்சி முடிந்த அன்றே கணக்குப் பார்த்துவிடாதீர்கள். நாம் உண்மையில் எவ்வளவு கற்றோம் என்பது, ஒரு வாரம் கழித்துத் திடலில் இறங்கும்போதுதான் தெரியும்.