நிறுத்திய காடிக்குள் எவ்வளவு சூடு?

பாலைவன வெயிலைக் கேள்விப்பட்டால், "நம் ஊர் எவ்வளவோ மேல்" என்போம். 2016இல் குவைத்தின் மித்ரிபாவில் 53.9 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அது நிழலில் அளந்த கணக்கு. கோல சிலாங்கூரில் நண்பகலில் 32 பாகைதான். ஆனால் கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய காடிக்குள்? 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை ஏறுகிறது. கூட்டிப் பாருங்கள், 54! அதிலும் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும்.

வெயில் கண்ணாடி வழியே நுழைந்து இருக்கையைச் சுடுகிறது. சூடான காற்று வெளியேற வழியில்லை. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தாலும் பெரிய வேறுபாடு இல்லையாம். (நானும் அதை நம்பியிருந்தவன்தான்.) செம்பனை நிழலும் நகர்ந்துவிடும்.

பாசிர் பெனாம்பாங்கில் மீன் வாங்க இறங்கும் தாய், தூங்கும் பிள்ளையை எழுப்ப மனமின்றிக் காடியிலேயே விட்டுச் செல்வதுண்டு. பெரியவர்களைவிடப் பிள்ளையின் உடல் பல மடங்கு விரைவாகச் சூடேறும், உயிருக்கே ஆபத்து. அழுதாலும் தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் கைப்பையை எப்போதும் பின்னிருக்கையில் பிள்ளையின் அருகே வையுங்கள். பையை எடுக்கத் திரும்பும்போது பிள்ளை கண்ணில் படும்.