கரும்புகைக்குக் கை தட்டலாமா?

ரயிலில் ஏறி ஊருக்குப் போகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். ரயில் போவதைப் பார்ப்பதற்காகவே ஊர் விட்டு ஊர் போகிறவர்களைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டதுண்டா? இவர்கள் விடியற்காலையில் எழுந்து, காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு திருப்பத்திலோ பாலத்தருகிலோ போய்க் காத்துக் கிடப்பார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்ததன் பலன் அரை நிமிஷத்தில் ஓடி மறைந்துவிடும். எனினும் பெரும் பாக்கியம் கிட்டியவர்களைப் போன்ற முகத்துடன் திரும்பி வருவார்கள். அவர்கள் தேடிப் போவது நீராவி எஞ்சின் பூட்டிய ரயிலை.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நாம் சொல்வதற்கில்லை. அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவர்!

நீராவி எஞ்சின் நம் நாட்டில் அன்னியர் கொண்டுவந்து இறக்கிய சாமான் என்பது உண்மையே. ஆனால் 1895-ஆம் ஆண்டிலேயே அஜ்மீர் தொழிற்சாலையில் நம்மவர்கள் கையால் ஓர் எஞ்சின் உருவாகிவிட்டது. சுதந்திரம் வந்த பிறகு, வங்காளத்திலுள்ள சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1950 முதல் 1972 வரை 2,351 நீராவி எஞ்சின்கள் செய்யப்பட்டன. பிறகு டீஸலும் மின்சாரமும் வந்தன. 1995-ஆம் ஆண்டு முடிவதற்குள் அகலப் பாதைகளில் நீராவியின் ராஜ்யம் முடிந்தது. இன்று அது ஓடுவதெல்லாம் விசேஷ நாட்களிலும், சில மலைப்பாதைகளிலுந்தான். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்த ஓர் எஞ்சின், நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடாமல் காட்சிப் பொருளாக நின்றுவிட்டு, பெரம்பூர் தொழிற்சாலைக்காரர்களின் கைபட்டு 2010-இல் மறுபடியும் ஓடிற்று. அத்தகைய உற்சவங்களைக் காணும் பாக்கியம் எப்போதோ ஒரு தடவைதான் வாய்க்கும். மலைச்சரிவும் மழையும் தடுக்காத நாட்களில் நீராவி எஞ்சின் தினந்தோறும் மலை ஏறுவதைக் காண விரும்புகிறவர்களுக்கு நம் நீலகிரி இருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு காலை

அண்மையில் ஒரு நாள் காலை, நீலகிரி ரயிலில் குன்னூர் வரை செல்வதற்காக நாம் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். வண்டி புறப்படுவது 7 மணிக்குச் சற்றுப் பின்னர். அதற்குள்ளாகவே பிளாட்பாரத்தில் காமிராக்களும் கைத்தொலைபேசிகளும் நிறைந்துவிட்டன. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த தாய்மார்கள், கல்லூரி மாணவர்கள், வெள்ளைக்காரத் தம்பதிகள் எல்லோருக்கும் எஞ்சினண்டை நிற்க வேண்டும்.

எஞ்சின் ஊதிற்று. புகைபோக்கியிலிருந்து குபுகுபுவென்று கரும்புகை கிளம்பி, கூரையைத் தாண்டி எழுந்தது. உடனே ஒரு பெரிய ஆரவாரம்! காமிராக்கள் படபடவென்று கண்ணை இமைத்தன. சிலர் கை தட்டினார்கள். நாமும் நம்முடைய பங்குக்கு நாலைந்து படங்கள் பிடித்துக்கொண்டு, வெகு திருப்தியுடன் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம்.

எதிர் ஆசனத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் ஒரு பழைய பை. நம் கையிலிருந்த காமிராவைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்களும் அந்தப் புகையைத்தான் புடிச்சீங்களா?" என்று கேட்டார்.

ஆமென்று பெருமையுடன் சொன்னோம்.

"அது புகையில்லீங்க. எரியாமப் போன தீனி. பொறப்படறப்போ கொஞ்சம் வரத்தான் செய்யும். அது யார் மேலயும் குத்தமில்லீங்க. ஆனா அதுக்குப் போய்க் கை தட்டறாங்களேன்னுதான் எனக்கு மனசு கேக்கறதில்லை" என்றார்.

அவர் வாலிபத்தில் இதே பாதையில் கரி அள்ளிப் போட்டவர். பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். குன்னூரிலுள்ள மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாமென்று தெரிந்திருந்தும், இந்த வண்டியில்தான் போவாராம்.

நெருப்பு வளர்க்கும் வித்தை

அன்று அவரிடம் நாம் கற்றுக்கொண்டதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். கரியானாலும் எண்ணெயானாலும், தேவையான காற்றுடன் கலந்து பூரணமாக எரிந்தால் புகைபோக்கியில் லேசான சாம்பல் நிறந்தான் தெரியும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்தாலோ கரித்துகள் புகையோடு கலந்து வானத்துக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் ஓயாமல் கரும்புகை விட்டால், இறங்கியதும் மேஸ்திரி கூப்பிட்டு விசாரிப்பாராம். கரியைக் கொஞ்சங் கொஞ்சமாக, மெல்லிய படுகையாகப் பரப்பிப் போட வேண்டும். ஓரிடத்தில் குவிந்தாலும் கெடுதல். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் கெடுதல். நம் பாட்டிமார் விறகடுப்பில் சமைத்தபோது, புகையாமல் எரிகிறதா என்பதைக் கொண்டுதானே கைப்பழக்கத்தை அளந்தார்கள்? அதே கணக்குத்தான் இங்கேயும்.

நீராவியும் கண்ணுக்குத் தெரிகிற பொருளன்று. கொதிகலத்திலுள்ள ஆவி நிறமற்றது. வெளியே வந்து குளிர்ந்த காற்றுப் பட்டதும் அது நுண்ணிய நீர்த்துளிகளாகிறது. அந்தத் துளிக்கூட்டத்தைத்தான் வெண்மேகமாக நாம் காண்கிறோம். ஆகையால் வெண்மேகம் வேண்டும் புகைப்படக்காரர்கள் குளிர்ந்த காலை வேளையைத் தேடிப் போவது நியாயமே. நடுப்பகல் வெயிலில் அதே எஞ்சின் அதே பாடுபட்டு உழைத்தாலும், படத்தில் சோம்பேறியைப் போல் தோன்றும்.

இவற்றுக்கெல்லாம் மேலான கவலை ஒன்று உண்டு. நெருப்புப் பெட்டியின் கூரை எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். அது வெளியே தெரிந்தால், உலோகம் கணநேரத்தில் பழுக்கக் காய்ந்து இளகிவிடும். சம தரையில் இதைக் கவனிப்பது எளிது. மலை ஏறும்போது எஞ்சினே சாய்கிறது. உள்ளேயிருக்கும் தண்ணீரும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டத்தை, பாதையின் சாய்வோடு சேர்த்து மனக்கணக்குப் போட்டுப் படிக்க வேண்டும். "வண்டியிலே இருக்கறவங்க மலையைப் பாப்பாங்க, நாங்க அந்தக் கண்ணாடியைப் பாப்போம்" என்றார் பெரியவர்.

பல் கவ்வும் பாதை

வண்டி பவானி ஆற்றைக் கடந்து, பாக்குத் தோப்புகளின் நடுவே சென்று, கல்லாரில் வந்து தயங்கிற்று. மலை ஏற்றம் இங்கே ஆரம்பமாகிறது. குன்னூர் வரை ஒவ்வொரு 12 அடிக்கும் சுமார் 1 அடி ஏற்றம். வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான சக்கரம் இத்தகைய ஏற்றத்தில் வழுக்கிவிடும். ஆகவே தண்டவாளங்களின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் பள்ளம் இருக்கும். எஞ்சினுக்கடியிலுள்ள பல் சக்கரங்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ரோமன் ஆப்ட் என்னும் எஞ்சினீயரின் யோசனை இது.

கல்லாரில் வெளியே நின்று எஞ்சினைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. எஞ்சினின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சிலிண்டர்கள் உண்டு. கீழே உள்ளவை சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேலே உள்ளவை பல் சக்கரங்களுக்கு உரியவை. சமவெளியில் அவற்றுக்கு வேலையில்லை. பல் பாதை வந்ததும், கீழ்ச் சிலிண்டர்களில் ஒரு முறை உழைத்த ஆவியை வெளியே விடாமல் மேல் சிலிண்டர்களுக்கு அனுப்பி இரண்டாம் முறையும் வேலை வாங்குகிறார்கள். அரிசி களைந்த நீரையும் கொட்டிவிடாமல் மாட்டுக்கு வைக்கிறோமல்லவா? அதைப் போலத்தான். அதுவரை உறங்கிய மேல் தண்டுகள், கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில், அவற்றைவிட வேகமாகச் சுழலத் தொடங்கும். வண்டியின் வேகம் குறைகிறது. எஞ்சினின் மூச்சோ இரட்டிப்பாகிறது. பழனிப் படி ஏறுகிறவரின் மூச்சைப் போன்ற இந்தச் சப்தத்தை எந்தப் புகைப்படம் காட்ட முடியும்?

முதல் தடவை வருகிறவர்கள் ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. மேல் பக்கத்துத் திருப்பத்தில் காமிராவுடன் நின்றால், முன்னே வருவது பெட்டிதான்! எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று, பெட்டிகளை முன்னே தள்ளிக்கொண்டு ஏறுகிறது. ஏதாவது இணைப்பு அறுந்தால், பெட்டிகள் உருண்டோடாமல் தாங்குவதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே டிரைவருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் பிரேக்ஸ்மேன் கொடியுடன் நின்று, பாதையைக் கண்காணித்துச் சைகை கொடுக்கிறார். மற்றப் பெட்டிகளிலும் ஆட்கள் உண்டு. விசில் சப்தத்தின் கணக்கறிந்து அவரவர் தம் பெட்டியின் பிரேக்கைப் போடுவார்கள். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது, எல்லோரும் இறங்கி எஞ்சினைப் படம் பிடித்தார்கள். முகப்பில் நின்று வந்த அந்த மனிதரை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. நாமும் அதுவரை பிடித்திருக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

பொன்மலையின் பதில்

இந்தப் பாதைக்கு முதன்முதலில் யோசனை எழுந்தது 1854-இல். வேலை தொடங்கியது 1891-இல். குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் ரயில் ஓடிற்று. 46 கிலோமீட்டர் தூரத்தில் 16 குகைகள், சுமார் 250 பாலங்கள், 208 வளைவுகள். 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறச் சுமார் 5 மணி நேரம். 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் பட்டம் கிடைத்துவிட்டால் எஞ்சின் ஓடிவிடுமா? 'எக்ஸ்' வகை எனப்படும் இந்த எஞ்சின்கள் ஸ்விட்ஜர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து ஆலையிலிருந்து வந்தவை. முதல் தொகுதி 1914-க்கும் 1925-க்கும் இடையில் செய்யப்பட்டது. அவற்றைப் பெற்றெடுத்த ஆலை அந்தப் பெயரில் இன்று இல்லை. கொதிகலம் தேய்ந்தால், பல் சக்கரம் முறிந்தால், கடிதம் எழுதி வரவழைப்பதற்கு வழியில்லை. மழைக்காலத்தில் மலை சரிந்து பாதையையே மூடிவிடுவதும் உண்டு. 2009 நவம்பரில் பெய்த பேய்மழை அப்படித்தான் செய்தது. இந்த ரயில் லாபம் தரும் வியாபாரமுமன்று. 'எஞ்சின்களை மியூஸியத்தில் வைத்துவிட்டால் போகிறது' என்று யாரேனும் சொல்லியிருந்தால், கணக்குப் புத்தகம் அவர் கட்சியில்தான் இருந்திருக்கும்.

அதற்குப் பதில் திருச்சியை அடுத்த பொன்மலையிலிருந்து வந்தது. 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து அங்கே மாற்றப்பட்ட ரயில்வே தொழிற்சாலை அது. 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது அன்னிய ஆட்சியின் போலீஸார் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் உயிர் நீத்த பூமியும் அதுவே. அங்குள்ள தொழிலாளர்கள் பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்த்துப் பழகியவர்கள். 2011 முதல் சில ஆண்டுகளில் எண்ணெயில் எரியும் 'எக்ஸ்' எஞ்சின்கள் நான்கைப் புதிதாகவே செய்து மலைக்கு அனுப்பினார்கள். 2021-இல் நிலக்கரியில் எரியும் எஞ்சினும் பொன்மலையிலிருந்து புறப்பட்டது. உலகம் நீராவியைக் கைவிட்டு வெகு காலமான பின்பு, கொதிகலமும் பல் சக்கரமும் நம் ஊர்த் தொழிலாளர் கையால் புதிதாகப் பிறந்தன! ஸ்விட்ஜர்லாந்துக்காரர் வந்து பார்த்து அதிசயிக்க வேண்டிய காரியத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நாம் செய்யக்கூடியது

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீஸல் எஞ்சினைப் பூட்டுகிறார்கள். பெரியவர் இறங்கினார். கழன்று நின்ற எஞ்சினிடம் போய், உள்ளே வேலையாக இருந்த ஓர் இளைஞரிடம் இரண்டு வார்த்தை பேசினார். "பரவாயில்லை, தம்பி நெருப்பு சுத்தமாத்தான் வெச்சிருக்குது" என்று நம்மிடம் வந்து சொன்னபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. கை தட்டலைவிட அந்த இளைஞருக்கு இந்த ஒரு வாக்கியந்தான் பெரிதாக இருந்திருக்கும்.

காமிராவைத் தூக்கி எறியும்படி நாம் சொல்லவில்லை. புகைப்படம் பார்த்து ஆசை கொண்டுதான் பலரும் இந்த ரயிலைத் தேடி வருகிறார்கள். ஆனால் சில விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் நின்று படம் பிடிப்பது ரயில்வே சட்டப்படி குற்றம். எஞ்சின் பின்னால் இருக்கும் இந்தப் பாதையில் அது இரட்டிப்பு ஆபத்து. கல்லார்க் காட்டில் யானை நடமாட்டமும் உண்டு. ஸ்டேஷனில் நின்றே நல்ல படங்கள் பிடிக்கலாம். முடிந்தால் சீட்டு வாங்கி ஏறுங்கள். முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம். குழந்தைகளை அழைத்துச் செல்கிறவர்கள், ஜன்னல் ஓரத்துச் சண்டை தீர்ந்ததும், பல் பாதை வரும் இடத்தில் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஆவி இரண்டு முறை உழைக்கும் கதையைச் சொல்லுங்கள். பொன்மலையின் பெயரையும் சொல்லுங்கள்.

நாம் வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தோம். கரும்புகைப் படங்கள் நான்கு. பிரேக்ஸ்மேன் கொடியுடன் நிற்கும் படம் ஒன்று. ஹில்குரோவை விட்டுப் புறப்படும் சமயத்தில், அவர் அனுமதி பெற்று அவசரமாகப் பிடித்தது அது. கை சற்று நடுங்கிவிட்டபடியால் படம் அவ்வளவு தெளிவாக இல்லை. இருந்தாலும் சட்டம் போட்டு மாட்டுவதற்கு அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறோம்.