குருத்தைப் பறிகொடுத்த பழைய புழு

காணையை அடுத்த ஒரு மக்காச்சோள வயலில், பெரியவர் ஒருவர் குருத்தைப் பிரித்துக் காட்டினார். ஈர மரத்தூள் போன்ற கழிவுக்கு நடுவே, தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடு கொண்ட புழு நெளிந்தது. “முன்னெல்லாம் தண்டைத் துளைக்கிற புழு இருக்கும். இப்ப அதை அதிகம் காணோம் தம்பி. ஒண்ணு ஒழிஞ்சா நல்லதுதானே?” என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அவர் சொன்ன தண்டுத் துளைப்பான், சோளத்தை நெடுங்காலமாகத் தின்றுவரும் நம் மண்ணின் பூச்சி. குருத்தில் இருந்ததோ அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு. 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்காவிலும் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழகத்துக்கும் வந்துவிட்டது. ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கவல்ல அந்துப்பூச்சிக்கு மாநில எல்லை ஒரு பொருட்டல்ல.

இரண்டுக்கும் இளங்குருத்து வேண்டும். துளைப்பானின் இளம்புழு சில நாள் குருத்திலையைத் தின்ற பிறகே தண்டுக்குள் இறங்கும். வேகமாக வளரும் படைப்புழு அதற்குள் குருத்தைக் குதறிவிடும். தன் இனத்தையே தின்னும் அதற்கு வேற்றினப் புழு எம்மாத்திரம்? படைப்புழு பரவியபின் துளைப்பான்கள் குறைந்ததை உகாண்டா ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வேடிக்கை என்னவென்றால், ஆப்பிரிக்காவில் இந்தத் துளைப்பானும் வந்தேறிதான். ஆசியாவிலிருந்து சென்று 1930களில் அங்கே தென்பட்ட இது, பின்னர் கென்யக் கடலோரத்தில் அந்நாட்டுத் துளைப்பானின் இடத்தைப் பறித்துக்கொண்டது.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். பழைய புழுவுக்கு எதிரிகள் இங்கேயே உண்டு. கோட்டீசியா என்னும் சிறு குளவி, தண்டின் துளைக்குள் நுழைந்து புழுவின் உடலில் முட்டையிடும். 1990களில் துளைப்பானை அடக்க, கென்யாவுக்குத் தெற்காசியாவிலிருந்து கொண்டுபோனது இந்தக் குளவியைத்தான். துளைப்பான் குறைந்தால் குளவிக்கு இரை குறையும். படைப்புழுவுக்கு அஞ்சி மீண்டும் மீண்டும் தெளிக்கும் மருந்து, எஞ்சிய குளவிகளையும் கொல்லும். ஓரளவு கட்டுக்குள் இருந்த புழுவின் இடத்தில் கட்டுக்கடங்காத புழு வந்திருக்கிறது. உழவருக்கு இது லாபம் அல்ல.

கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு, வரப்போரம் காராமணி, இனக்கவர்ச்சிப் பொறி என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. படைப்புழுவை எண்ணும்போதே துளைப்பானையும் குளவியையும் வட்டாரம்தோறும் எண்ணிவந்தால், எதை இழக்கிறோம் என்பதாவது தெரியும்.

அன்று பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. வரப்பில் காராமணி போடுங்கள் என்றேன். “ஆடு விட்டு வைக்குமா அதை?” என்று கேட்டார்.