ஈறு காட்டும் நிறம்

கொல்லிமலையில் பெரிய நாய் வளர்ப்பவர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது தூரத்தை. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை இறங்கி முடித்த பிறகும், 1985-ல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேரச் சமவெளிப் பயணம் பாக்கியிருக்கும். சமவெளியில் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். மலையில் அது முடியாது.

ராஜபாளையம், கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற ஆழ்ந்த மார்புக்கூடு கொண்ட நாய்களுக்கு வரக்கூடிய மிகக் கொடிய ஆபத்து இரைப்பை முறுக்கு. இரைப்பையில் காற்று நிறைந்து அது அப்படியே திருகிக்கொள்கிறது. உள்ளே போன காற்றும் இரையும் வெளியேற வழியில்லை. இரத்த ஓட்டமும் தடைபடுகிறது. நாய் ஓரிடத்தில் படுக்காமல் தவிக்கும், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும். ஓங்கரிக்கும், ஆனால் நுரையும் எச்சிலும் தவிர எதுவும் வராது. இந்த வெற்று ஓங்கரிப்புதான் முக்கிய அடையாளம். விலாவுக்குப் பின்னால் தட்டினால் மத்தளம் போல ஒலிக்கலாம். மார்பு ஆழமான நாய்களில் வயிறு வெளியே உப்பித் தெரியாமலும் போகும், அதனால் உப்பட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கஷாயமோ எண்ணெயோ வாயில் ஊற்றவே கூடாது. அறுவை சிகிச்சைதான் தீர்வு. சில மணி நேரம் தாமதித்தாலும் உயிர் போய்விடும்.

உண்ணிக் காய்ச்சல் இத்தனை வேகமாக வராது. சோர்வு, தீனி மறுப்பு, பிறகு மூக்கில் இரத்தம், அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உண்ணி பரப்பும் பபீசியா கிருமி இரத்த அணுக்களை உடைக்கிறது என்று சந்தேகிக்கலாம். காப்பித் தோட்டத்தில் சுற்றி வந்த நாயின் காது மடல், விரலிடுக்கு இரண்டையும் தினமும் தடவிப் பார்ப்பது நல்லது.

இவற்றையெல்லாம் அடையாளம் காண, நாய் நன்றாக இருக்கும்போதே அதன் ஈறைப் பார்த்துப் பழக வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். வெளிறிய ஈறு இரத்தம் குறைந்ததையோ ஓட்டம் தளர்ந்ததையோ காட்டும்; மஞ்சள் நிறம் காமாலையை. ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருந்தால் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. காய்ச்சல் என்று நம் வீட்டு பாராசிட்டமாலைக் கொடுத்துவிட வேண்டாம், அது கல்லீரலைக் கெடுக்கும். எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் திணறும் நாயின் வாயில் மட்டும் கை வைக்கக் கூடாது, ரேபிஸாக இருக்கலாம்.

வண்டி கிளம்பும் முன்பே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். நாய் கடைசியாக எப்போது, என்ன தின்றது, முதல் ஓங்கரிப்பு எத்தனை மணிக்கு வந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.