வாகரையில் வைத்தியப் பணி

மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, வாகரைக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் குடிகள் வாழ்கின்றன. இத்தகைய ஊர்களில் அரச சுகாதார சேவையின் முதல் முகம் குடும்பநல உத்தியோகத்தரே. கர்ப்பிணிகளை வீடு தேடிச் சென்று பார்ப்பார், குழந்தையை நிறுப்பார், தடுப்பூசி நாளை நினைவூட்டுவார். இந்த உழைப்புக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

இங்கே பணிபுரியும் வைத்தியரைக் கடுமையாகச் சோதிப்பது பாம்புக்கடி. கடிபட்டவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால், கண்ணாடி விரியன் போன்றவற்றின் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். ஆய்வுகூடம் இல்லாத இடத்திலும் இது முடியும். ஆனால் நஞ்சை முறிக்கக் கொடுக்கும் முறிமருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அதனால் அந்த ஒவ்வாமைக்கான மருந்தாகிய அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முதலில் விஷகடி வைத்தியரிடம் போனவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. மறுமுறை அவர் இன்னும் தாமதித்தே வருவார். நிலை மோசமானால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம். அது சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது.