எல்லை தாண்டும் செல்லப்பிராணிகள்: ஒரே சாலை, இரண்டு விதிமுறைகள்

புது தில்லி: பள்ளிகள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவிட்டதிலிருந்து, நாய்களைப் பற்றிய தேசிய விவாதம் தெருநாய்களையே சுற்றி வருகிறது. வீட்டில் வளர்க்கப்பட்டு, பொது இடங்களுக்கும் விழாக்களுக்கும் உடன் அழைத்துச் செல்லப்படும் நாய்களைப் பற்றியும், அவற்றின் உரிமையாளர்களுக்குள்ள கடமையைப் பற்றியும் அதிகம் பேசப்படுவதில்லை. தமிழகமும் கேரளமும் சந்திக்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இந்தக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டதாகவே இருக்கிறது.

பாலக்காடு மாவட்டத்தில் 2022-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கல்லூரி மாணவி ஒருவரை அண்டை வீட்டு வளர்ப்பு நாய் கடித்தது. தடுப்பூசிகள் போட்டுக்கொண்ட பின்னரும் வெறிநாய்க்கடி நோய்க்கு ஆளாகி, ஜூன் 30-ஆம் தேதி அவர் உயிரிழந்தார். கடித்தது தெருவில் திரிந்த நாயல்ல, ஒரு வீட்டில் சோறு போட்டு வளர்க்கப்பட்ட நாய். உலகில் வெறிநாய்க்கடி நோயால் நிகழும் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. 2030-க்குள் நாய்கள் மூலம் பரவும் இந்நோயை ஒழிப்பது என்ற தேசிய செயல்திட்டத்தை மத்திய அரசு 2021 செப்டம்பரில் வெளியிட்டது. நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டாலொழிய அந்த இலக்கை எட்ட இயலாது. வளர்ப்பு நாய்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

சட்டம் சொல்வது என்ன?

செல்லப்பிராணி வளர்ப்பது உரிமை என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. குடியிருப்பில் பிராணிகளை வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் விதிக்கும் நிபந்தனைகள் செல்லாது என 2021-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளர்ப்புப் பிராணிகளைப் பதிவு செய்யுமாறு உள்ளாட்சி அமைப்புகள் பொது அறிவிக்கை வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டதும், அதே ஆண்டில் அதே நீதிமன்றம்தான். உரிமையையும் கடமையையும் நீதிமன்றம் ஒருசேர வைத்தது; உரிமை பற்றிய தீர்ப்பு பரவலாக எடுத்தாளப்படும் அளவுக்குக் கடமை பற்றிய உத்தரவு நினைவுகூரப்படுவதில்லை.

மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடும் பொறுப்பு உரிமையாளருடையது. பொது இடங்களில் நாயை வாரில் பிடித்துச் செல்ல வேண்டும், அதன் கழிவை உரிமையாளரே அகற்ற வேண்டும் என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டியது. பிராணியால் மனித உயிருக்கு ஆபத்து நேராதபடி கவனிக்கத் தவறும் உரிமையாளருக்கு, பாரதிய நியாய சம்ஹிதை 291-ஆவது பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறையோ, ரூ. 5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சாவடியில் முடியும் உரிமம்

சட்டங்கள் மத்தியில் இயற்றப்பட்டாலும், உரிமம் வழங்குவது உள்ளாட்சி அமைப்புகள். கேரளக் கிராமங்களில் நாய் வளர்க்க உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1998 முதலே உள்ளது. தமிழகத்தில் சென்னை மாநகராட்சி 2025-இல் உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமமின்றி நாய் வளர்ப்போருக்கு ரூ. 5,000 அபராதம் அறிவித்தது. ஆனால் வாளையாறு, கோபாலபுரம், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய இடங்களைக் கடந்து அன்றாடம் சென்று வருவோருக்கு உறவும் தொழிலும் இருபுறமும் இருக்கின்றன. கோவையில் வளரும் நாய் சித்தூரில் நடக்கும் திருமணத்துக்கு வருகிறது. தேனியிலிருந்து மூணாறுக்குச் சுற்றுலா செல்லும் குடும்பத்தோடு காரில் பயணிக்கிறது. ஒரு புறத்தில் பெற்ற உரிமத்தையும் தடுப்பூசிச் சான்றையும் மறுபுறத்து அதிகாரி சரிபார்க்கப் பொதுவான பதிவேடு தேவை.

இதற்கு மாறாக, ரயில் பயணத்தில் விதி நாடு முழுவதும் ஒன்றே. முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் தனி அறை முழுவதையும் பதிவு செய்தவர் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் அனுப்ப வேண்டும். உடன் பயணிக்கும் அந்நியரின் சம்மதத்தை ஊகித்துக்கொள்ளக் கூடாது என்பதே இதன் உட்பொருள். திருமண மண்டபத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் இதே நியாயம் பொருந்தும். அழைப்பிதழ் மனிதர்களுக்கானது; பிராணியை அழைத்து வர விரும்புவோர் விழா வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்பதுதான் முறை. கல்பாத்தி தேரோட்டத்தின் நெரிசலிலும், வெடி முழங்கும் வேலைத் திருவிழாக்களிலும் மிரண்ட நாய் யாரைக் கடிக்கும் என்று சொல்ல இயலாது. அந்தப் பிராணிக்கும் அது துன்பமே.

வனத்தில் இன்னோர் ஆபத்து

பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் செல்லும் சாலையும், உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் செல்லும் சாலையும் காடுகளின் ஊடே செல்கின்றன. இங்கு நாயைக் காரிலிருந்து இறக்கிவிடுவது வெறும் ஒழுங்கீனம் அல்ல. நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் வைரஸ் 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பலி கொண்டது. குஜராத்தின் கிர் வனத்தில் 2018-இல் 23 சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோதும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. ஆனைமலை, பரம்பிக்குளம், பெரியாறு காப்பகங்களின் புலிகளுக்கும் செந்நாய்களுக்கும் இந்த அபாயம் உண்டு.

கண்ணகி கோயில் காட்டும் வழி

இவற்றை மக்களிடம் கொண்டு சேர்ப்பதில் மொழியும் குறுக்கிடுகிறது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களில் தமிழர்கள் கணிசமாக வாழ்கின்றனர். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மையினரான தமிழர்கள் அரசுடன் தமிழில் தொடர்பு கொள்ள வழி செய்துள்ளது. அந்தச் சட்டத்தின் நோக்கம் நிறைவேற வேண்டுமானால், நாய்ப் பதிவு, தடுப்பூசி முகாம் பற்றிய அறிவிப்புகளும், கடிபட்டவுடன் காயத்தைச் சோப்பிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும் என்ற எச்சரிக்கையும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும்.

இரு மாநில நிர்வாகங்கள் இணைந்து செயல்பட முடியாது என்று கூறுவதற்கில்லை. இரு மாநிலங்களும் உரிமை கோரும் மங்கலதேவி கண்ணகி கோயிலில் ஆண்டுதோறும் சித்திரா பௌர்ணமி விழாவுக்கு முன்பு தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடிப் பேசி, வாகனம், பிளாஸ்டிக், உணவு, பாதுகாப்பு குறித்துப் பொதுவான கட்டுப்பாடுகளை வகுக்கின்றன. புலிகள் காப்பகத்துக்குள் பல்லாயிரம் பேர் கூடும் விழா அவ்வாறே நடந்தேறுகிறது. எல்லைக் கோட்டைப் பற்றிய வழக்கைத் தீர்க்காமலேயே ஒரு நாளுக்கான ஒழுங்கை வகுக்க முடிகிறதெனில், இரு மாநிலங்களிலும் செல்லும் தடுப்பூசிச் சான்றுக்கும், எல்லைச் சாவடிகளில் இருமொழி அறிவிப்புக்கும் உடன்பாடு காண்பது கடினமல்ல. கோவை, திருப்பூர், தேனி, பாலக்காடு, இடுக்கி ஆட்சியர்கள் ஒருமுறை கூடினால் அதற்கான தொடக்கம் அமையும்.