பதினாறு ஆண்டுகள் காத்திருந்த கொடி

பீரைப் பற்றிச் சங்க மலரில் கட்டுரையா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் குடிப்பவன் அல்லன். கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்தியவன். எனக்குச் சுவைப்பது, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியின் கதைதான். நம் நாட்டிலும் இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் இதைப் பயிரிட்டிருக்கிறார்கள்.

ஹாப்ஸில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியில் கூம்பு போலத் தொங்கும் பூங்கொத்துக்குத்தான் விலை. அதன் இதழ்களின் அடியில் லுபுலின் என்ற மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். அதிலுள்ள ஆல்ஃபா அமிலம் கொதிக்கும்போது கசப்பைத் தருகிறது. எண்ணெய் மணத்தைத் தருகிறது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஹாப்ஸ் விவசாயிகளுக்கு அடிச்சாம்பல் நோய் பெருந்தொல்லையாக இருந்தது. அதைத் தாங்கும் ரகத்தைத் தேடி, கார்வாலிஸ் நகரில் அரசு வேளாண் துறையினர் 1956-இல் சில விதைகளைச் சேகரித்தார்கள். அவற்றில் முளைத்த ஒரு கொடியின் வம்சத்தில் இங்கிலாந்தின் ஃபகிளும் உண்டு, ரஷ்யாவின் செரெப்ரியாங்காவும் உண்டு. நோயை அது நன்றாகத் தாங்கியது, விளைச்சலும் திருப்தி. ஆனாலும் பீர் ஆலைக்காரர்கள் தயங்கினார்கள். ஐரோப்பிய ஹாப்ஸின் அடக்கமான மணத்துக்குப் பழகியவர்களுக்கு, பூவும் பம்பளிமாஸும் கலந்த இதன் வாசனை தூக்கலாகத் தெரிந்தது.

1965-இல் அங்கு பணியில் சேர்ந்தார் ஆஸ்திரியாவில் பிறந்த ஆல்ஃபிரட் ஹௌனால்ட். அவர் இந்தக் கொடியைக் கைவிடவில்லை. அந்தக் காலத்தில் ஜெர்மனியின் ஹாலர்டாவ் தோட்டங்களை வாடல் நோய் தாக்க, இறக்குமதி ஹாப்ஸின் விலை ஏறியது. ஆலைகள் உள்நாட்டுச் சரக்கைத் தேடின. 1972-இல் இந்த ரகம், அப்பகுதி மலைத்தொடரின் பெயரால் 'காஸ்கேட்' என்று வெளியிடப்பட்டது. கூர்ஸ் நிறுவனம் பெருமளவில் வாங்கத் தொடங்கியது.

காஸ்கேடில் ஆல்ஃபா அமிலம் சுமார் 4.5 முதல் 7 சதவீதம்; எனவே கசப்பு மிதம்தான். நாள்பட வைத்தால் வீரியம் குறையும் என்பது இதன் பலவீனம். பலம், அந்த வாசனை. சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975-இல் 'லிபர்ட்டி ஏல்' பீரிலும், சியரா நெவாடா ஆலை 1980-இல் 'பேல் ஏல்' பீரிலும் அதையே முன்னிறுத்தின. எந்த வாசனைக்குத் தயங்கினார்களோ, அதுவே அமெரிக்கச் சிற்றாலை பீரின் அடையாளமாயிற்று.

நம் பிள்ளைகளின் தமிழில் இந்தி வாடை அடிக்கிறது என்று சங்கத்துப் பெரியவர்கள் குறைப்படும்போது எனக்கு இந்தக் கொடி நினைவுக்கு வருகிறது. தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். பதினாறு ஆண்டுகளாவது பொறுத்துப் பார்ப்போமே!